பின்னே வரேன்

ஏழு வருடத்துக்கு முன்னால், ஒரு ஏப்ரல் மாதக் கடைசியில், ஜெர்மனியின் தெற்குக் கோடியில் இருக்கும் ஒரு மலையில் நடந்தது இது. நான் திருவனந்தபுரத்துக்காரி. கரமனையில் பிறந்து வளர்ந்து நர்ஸ் ஆனவள். அப்போது அந்த மலைக்கு ஒரு மணி நேர ரயில் தூரத்தில், ஒரு சின்ன நகரத்து மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

அங்கே நம் நாட்டு நர்ஸுகள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். மற்றவர்கள் எல்லாம் மலையாளிகள். தமிழ் பேச எனக்குக் கிடைத்தவர் ஒரே ஒருவர், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் இல்லை. மகள் ஊரில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். குவார்ட்டர்ஸில் எங்கள் இருவருக்கும் எதிரெதிர் அறை. அவர் அறையில் சமையல், என் அறையில் சாப்பாடு என்று ஒரே வீடாகத்தான் இருந்தோம். என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்.

என் தமிழைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு அடக்க முடியாது. எங்கள் வீட்டுக்குள் தமிழ்தான். ஆனால் பள்ளிக்கூடம், கூட்டுக்காரிகள், பஸ், ஆபீஸ் எல்லாம் மலையாளம். எந்தச் சொல் எந்தப் பக்கத்துச் சொல் என்று எங்களுக்கே தெரியாமல் கலந்து கிடக்கும். போன புதிதில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விக்கல் எடுத்து, "அக்கா, வெள்ளம், வெள்ளம்" என்றேன். அவர் எழுந்து பாத்ரூமுக்கு ஓடிவிட்டார், குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்து. எங்களுக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். திரும்பி வந்து என் தலையில் தட்டிவிட்டு, "உன்ற தமிழுக்குத் தனியா ஒரு டிக்ஷனரி போடோணும் கண்ணு" என்றார்.

அந்த ஊர்க் குளிர்காலம் எனக்கு ஆகாது. நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வரும். ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் வெள்ளையாக அந்த மலை. "பனி உருகட்டும், மேல போலாம்" என்று அக்கா குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். பனி உருகியதும் நாங்கள் செய்யவேண்டிய காரியங்கள் இரண்டு. ஒன்று மலை. இன்னொன்று வீடு. ஜூன் மாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இரண்டு அறை உள்ள ஒரு வீட்டை நாங்கள் இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுப்பதாக முடிவு செய்திருந்தோம். அக்காவுக்கு அவசரம் தாங்கவில்லை. என் அறைக்குச் சேர்த்தே ஸ்கிரீன் துணி வாங்கி வைத்துவிட்டார். மாம்பழ மஞ்சள்.

இதற்கு நடுவில்தான் ஊரில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் நடந்தது. பெங்களூரிலிருந்து அண்ணன் லீவு போட்டு வந்து நின்றான். அவனால் எத்தனை நாள் நிற்க முடியும்? இரண்டு வாரம் தூக்கம் இல்லாமல் யோசித்து, ஊருக்கே திரும்பிவிடுவது என்று தீர்மானித்தேன். வேலையை விடுவதாகக் கடிதம்கூட எழுதிப் பைக்குள் வைத்திருந்தேன். அம்மா விழுந்தது அக்காவுக்குத் தெரியும். நான் போகப்போவது மட்டும் தெரியாது. சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம் அந்த மஞ்சள் துணி கண்ணில் பட்டுவிடும். சரி, மலையில் வைத்துச் சொல்லிவிடலாம் என்று நாளைத் தள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் போய், அடிவாரத்துக் கிராமத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தோம். அந்த ஊரில் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் மஞ்சள் பலகை வைத்திருப்பார்கள். எத்தனை தூரம் என்று போட மாட்டார்கள், எத்தனை நேரம் என்று போடுவார்கள். மேலே இருக்கும் மலைக்குடிலுக்கு இரண்டரை மணி நேரம் என்று இருந்தது. "அது அவிங்க நடைக்கு. நம்ம நடைக்கு நாலுன்னு வெச்சுக்கோ" என்றார் அக்கா. என் பையில் அம்மா முன்பு அனுப்பியிருந்த ஏத்தங்காய் உப்பேரியின், அதாவது நேந்திரங்காய் வறுவலின், கடைசிப் பொட்டலம். அவர் பையில் தக்காளிச் சோறு.

வசந்தம் என்று புத்தகத்தில் படித்ததை, மூன்று வருடம் அங்கே இருந்தும், அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். நம் ஊரில் வெயில், மழை, திரும்பவும் வெயில், அவ்வளவுதான். அங்கே பனி விலகின இடத்திலெல்லாம் சின்னச் சின்ன ஊதாப் பூ, வெள்ளைப் பூ. பனிக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடும் சத்தம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்டது. அக்கா முன்னால், நான் பின்னால். ஒற்றையடிப் பாதை. கண்ணைக் காலிலிருந்து எடுக்க முடியாது. அக்கா தன் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் நடந்த சண்டையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே ஏறினார். நான் உம் கொட்டிக்கொண்டே போனேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

ஒரு வளைவில் மரப் பெஞ்சு ஒன்று போட்டிருந்தது. அந்த இடத்தில் போனுக்கு சிக்னல் கிடைத்து, பைக்குள்ளிருந்து டிங் என்றது. எடுத்துப் பார்த்தேன். அண்ணன் ஒரு படம் அனுப்பியிருந்தான். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாதியாய் இளைத்துப்போயிருந்தாள். கீழே, 'அம்மை உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா. என்னைக்கு வருவேன்னு ஒரு தேதி சொல்லு' என்று எழுதியிருந்தான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா பார்த்தால் என்ன ஏது என்று கேட்பார். கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். அவர் நாலடி முன்னால் போய் நின்றிருந்தார். முகத்தைக் காட்டாமல், ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டு, "அக்கா, நீங்க போங்க. நான் பின்னே வரேன்" என்றேன். "சரி கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். கல்யாணச் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, வளைவுக்கு அப்பால் மறையும் வரைக்கும் குரல் கேட்டது.

நான் பெஞ்சில் உட்கார்ந்து ஆற அமர அழுதேன். அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பும்போது மலை மேல் மூட்டம் இறங்கியிருந்தது. பத்து நிமிட ஏற்றத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. மேல்பாதையில் ஷூ தடம் தெரிந்ததால் அதிலேயே போனேன். எப்படியும் குடிலில் அக்கா காத்திருப்பார், சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு 'வா வா' என்பார் என்று நினைத்தேன். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

குடிலில் அக்கா இல்லை.

எனக்கு மூக்கு மேல் கோபம். முதலில் வந்தது பயம் இல்லை, கோபம்தான். பின்னே வருகிறேன் என்று இத்தனை தெளிவாகச் சொல்லியும் ஒரு இடத்தில் இருக்கமாட்டாரா என்று பல்லைக் கடித்தேன். குளிர்காலம் முடிந்து குடிலைத் திறந்து சுத்தம் செய்ய வந்திருந்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் ஜன்னல் கதவுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

அக்கா வந்தாராம். தனக்குப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக் கத்தினாராம். அந்தம்மா அதை அப்படியே சொல்லிக் காட்டினார். "கன்னு, கன்னு." பிறகு குடிலுக்கு அந்தப் பக்கமாக இறங்கி, வழியில் பிரிந்த பாதையோடு போய்ச் சேரும் கீழ்ப்பாதையில் ஓடிவிட்டாராம். அந்தப் பாதையைக் கையால் காட்டிய அந்தம்மாவின் முகம் மாறியது. அதில் இன்னும் யாரும் போகக் கூடாது, கீழே ஓடை இருக்கிறது, மேலே பனி மூடியிருப்பதால் தரை மாதிரி தெரியும், நான் கூப்பிட்டேன், அவள் காதில் விழவில்லை, பனியைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசியாக நான் அக்காவிடம் சொன்ன வார்த்தை என்ன? 'பின்னே வரேன்.' எங்கள் ஊரில் பின்னே என்றால் பிறகு, அப்புறம். 'பின்னே பாக்கலாம்', 'பின்னே தாறேன்' என்று நாள் முழுக்கச் சொல்லுவோம். முதுகுக்குப் பின்னால் என்பதற்கு எங்கள் வீட்டில் 'பொறத்தால' என்போம். நான் சொன்னது, நீங்கள் போங்கள், நான் அப்புறம் வருகிறேன் என்று. ஈரோட்டுக் காதுக்கு விழுந்தது, நீங்கள் முன்னே போங்கள், உங்கள் பின்னாலேயே வருகிறேன் என்று. அந்த மனுஷி நான் பின்னால் வருவதாக நம்பி அரை மணி நேரம் பேசிக்கொண்டே ஏறியிருக்கிறார். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. பாதை பிரிந்த இடத்தில் நான் கீழ்ப்பக்கம் தவறிப் போய்விட்டேன் என்று நினைத்து, என்னைத் தேடி அந்த ஓடைப் பக்கம் ஓடியிருக்கிறார்.

அந்தம்மா ஒரு வார்த்தையும் வீணாக்கவில்லை. உள்ளே போய்க் கயிறும் மண்வெட்டியும் எடுத்து வந்தார். தன் காலடியிலேயே கால் வைத்து வரச் சொன்னார். பனியில் அக்காவின் தடம் ஓட்ட ஓட்டமாக இறங்கியிருந்தது. நான் "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டே போனேன். மூட்டத்தில் என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. போகிற வழியெல்லாம் பத்மநாபசுவாமியிடம் ஒரே ஒரு வேண்டுதல்தான். அந்த மஞ்சள் துணியை அக்கா கையால் மாட்டவேண்டும்.

கால் மணி நேரம் இறங்கின பிறகு பதில் வந்தது. "இங்கதான் கண்ணு." மெல்லிய குரல்.

தொடை வரைக்கும் பனிக்குள் போயிருந்தார். ஒரு கால் அடியில் ஓடைத் தண்ணீரில், இரண்டு பாறைக்கு நடுவில் ஷூவோடு மாட்டிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரமாக அப்படியே நின்றிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, "நீ உழுந்துகிழுந்து வெக்கலியே?"

அந்தம்மா பனி மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து போய் மண்வெட்டியால் தோண்டினார். நான் கயிற்றை அக்காவின் அக்குளுக்கடியில் சுற்றிக் கட்டி, அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். ஷூவை உள்ளேயே விட்டுவிட்டுக் காலை மட்டும் உருவி எடுத்தோம். இரண்டு பேரும் தோள் கொடுத்துக் குடிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.

குளிரில் விறைத்த காலைத் தேய்க்கக் கூடாது என்று நர்ஸ்களுக்குத் தெரியும். அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் பாதத்தை என் ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டேன். ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது, எலும்பு முறியவில்லை. அந்தம்மா சூடாக சூப் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வாய் குடித்த பிறகு அக்கா சொன்னார், "பின்னே வாரேன்னு சொன்னியே கண்ணு. நீ உம் கொட்டலைன்னதும், மூச்சு வாங்குது போல, புள்ள பேசாம வருதுன்னு நெனச்சுட்டேன். என்ற நாத்தனார் கதை பூராத்தையும் அந்த மரமெல்லாம் கேட்டுச்சு."

எங்கள் ஊரில் பின்னே என்றால் என்ன அர்த்தம் என்று சொன்னேன். "அப்ப பொறவு வாரேன்னு சொல்றதுக்கு என்னடி" என்றார். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து எனக்கு அழுகையாகிவிட்டது. நிறுத்த முடியவில்லை. அந்த அழுகையோடுதான் சொன்னேன். "அக்கா, நான் ஊருக்குப் போறேன். ஒரேயடியா. லெட்டர் எழுதியாச்சு. பெஞ்சுல உக்காந்து அழத்தான் உங்களை முன்னே அனுப்பினேன்."

காலை என் மடியிலிருந்து எடுத்துக்கொள்வார் என்று பயந்தேன். எடுக்கவில்லை. "ஸ்கிரீன் துணிய நான் அவசரப்பட்டு வாங்கியிருக்கக் கூடாது" என்றார். அப்புறம், "அம்மாவ வுட்டுப்போட்டு இங்க இருந்து நீ என்னத்தக் காணப்போறே. போ கண்ணு. ஆனா அழோணும்னா என்ற முன்னால அழு" என்றார்.

அந்தம்மாவின் கணவர் மாலையில் வண்டியில் வந்து எங்களை ரயிலடி வரைக்கும் கொண்டுவிட்டார். அவர்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. மீதியிருந்த உப்பேரிப் பொட்டலத்தை அந்தம்மா கையில் வைத்தேன். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, பொட்டலத்தைப் பத்திரமாகக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஜூன் முதல் வாரம் நான் கிளம்பினேன். அக்கா ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார். கால் சரியாகிவிட்டிருந்தது. இரண்டு பேரும் அழக்கூடாது என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். ரயில் கிளம்பும் நேரம், ஏதாவது சொல்லவேண்டுமே என்று, பழக்க தோஷத்தில் என் வாயில் வந்தது அதேதான்.

"பின்னே வரேன் அக்கா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு முகம் மாறியது. கதவு மூடும்போது கேட்டார். "எந்தப் பின்னே கண்ணு?"

நான் பதில் சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது.

இப்போது தம்பானூர் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பகல் ட்யூட்டி பார்க்கிறேன். மகள் படிப்பை முடித்து ஜெர்மனிக்கே அவரோடு இருக்கப் போன பிறகு அக்கா அந்த இரண்டு அறை வீட்டையே எடுத்துக்கொண்டார். மாம்பழ மஞ்சள் ஸ்கிரீனை ஜன்னலில் மாட்டிப் படம் எடுத்து அனுப்பினார். சாமிக்கு நன்றி சொன்னேன். ஆனால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அது என் ஜன்னல்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்போது அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். அந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார். பின்னணியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். "கண்ணு, பனி உருகிடுச்சு. நான் முன்னால நடக்கறேன். பேசிட்டே போறேன். நீ வந்துக்கோ" என்பார். அதைப் பஸ்ஸில் வைத்துக் கேட்கமாட்டேன். வீட்டு மொட்டை மாடிக்குப் போய்க் கேட்பேன். கோடை மழை பெய்து வானம் கழுவிவிட்ட காலைகளில் அங்கிருந்து கிழக்கே மலை தெரியும். பச்சை மலைதான், பனி இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன வருடம் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன். எதுக்கு என்று அண்ணன் கேட்டான். சும்மா என்றேன். சும்மா இல்லை. எனக்குப் போகவேண்டும். அந்தப் பாதையில் அக்காவுக்குப் பின்னால் உம் கொட்டிக்கொண்டு நடக்கவேண்டும். ஆனால் அம்மா இருக்கும்வரை நான் எங்கேயும் போகப்போவதில்லை. அப்படியென்றால் போகவேண்டும் என்று ஆசைப்படுகிற ஒவ்வொரு முறையும் நான் எதற்கு ஆசைப்படுகிறேன்? அதனால் அந்த ஆசையை முழுதாக நினைத்து முடிப்பதே இல்லை.

சாயங்காலங்களில் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவில் ஆற்றங்கரைப் பக்கம் வரைக்கும் நடப்பாள். நான் கையை நீட்டினாற்போல் வைத்துக்கொண்டு ஓரடி தள்ளி நடப்பேன். அவளால் திரும்பிப் பார்க்க முடியாது. பார்த்தால் நிலை தடுமாறிவிடும். அதனால் பத்தடிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே போவாள்.

"பொறத்தால நிக்கியா மக்களே?"

"நிக்கேன் அம்மை."

நான் அப்படிச் சொல்லும்போதெல்லாம், தூரத்தில் ஒரு பனிப் பாதையில் இன்னொருவரும் திரும்பிப் பார்க்காமல் எனக்காகப் பேசிக்கொண்டே ஏறிப்போவதும், அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லாமல் இருப்பதும்தான் நினைவுக்கு வருகிறது.